முகம் உள்பக்கம்

கண்ணாடிக் கடையில் அவரையும் அவருடைய மைத்துனனையும் ஒரே ஆளாகத்தான் பேசுவார்கள். பெரிய வேலை வந்தால் "அந்த ஜோடியை அனுப்பு" என்பார் முதலாளியம்மா. பதினாறு வருடமாக இருவரும் சேர்ந்து கண்ணாடி தூக்குகிறார்கள். மைத்துனன் நல்ல உயரம். கடையில் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர். அதற்கு அவன் கோபப்படுவதில்லை. மேல் அலமாரியிலிருந்து ஏதாவது எடுக்க வேண்டுமென்றால் ஒட்டகத்தைக் கூப்பிடுங்கள் என்று அவனே சொல்வான்.

பெரிய கண்ணாடி தூக்குகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. இருவரில் யார் 'விடு' என்று சொன்னாலும் மற்றவர் அந்தக் கணமே கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது, எட்டிப் பிடிக்கக் கூடாது. விழுகிற கண்ணாடியைப் பிடிக்கப் போனவர்களின் கைகளை இருவரும் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் உடைந்து அடங்கிய பிறகு, சொன்னவர் தான் கண்டதை ஒரு வரியில் சொல்ல வேண்டும். மூலையில் கீறல் ஓடியது, உன் பின்னால் சைக்கிள் வந்தது, அவ்வளவுதான். மைத்துனன் அவரை எப்போதும் வாங்க, போங்க என்றுதான் பேசுவான். அக்காவின் கணவர், பத்து வயது மூத்தவர். அந்த ஒரு சொல்லில் மட்டும் மரியாதை கிடையாது. மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு விரல் போய்விடும். பதினாறு வருடத்தில் அந்தச் சொல் மூன்று முறை சொல்லப்பட்டது. இரண்டு முறை அவர், ஒரு முறை அவன். மூன்று முறையும் சரியாக இருந்தது.

நான்காவது முறை அவர் சொன்னபோது கண்ணாடிக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

அதற்கு ஐந்து மாதம் முன்பு அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டோம், நீங்கள் அதிர்ஷ்டசாலி என்றார் மருத்துவர். அந்தச் சொல் அவருக்கு முன்பே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். வெளியூரில் இருக்கும் மகள் போனில் அழுதுகொண்டே சொன்னாள். மைத்துனன் கடை முழுக்கச் சொல்லி வைத்தான்: எங்க மாமா எமனுக்கே டாட்டா காட்டிட்டு வந்தவர்.

சிறுநீர்க் குழாயைப் பத்தாம் நாள் எடுத்தார்கள். கொஞ்ச நாளைக்குக் கொஞ்சம் கசியும் என்றாள் செவிலி. மருத்துவமனை வாசலில் டாக்சிக்காக நிற்கும்போது அவர் ஒருமுறை தும்மினார். கசிவு காலணி வரைக்கும் வந்தது. கையில் பழக்கூடை வைத்திருந்தார். அதைக் கீழிறக்கி முன்னால் பிடித்துக்கொண்டார். டாக்சி வரும் வரை அப்படியே நின்றார். அந்தக் கூடையைக் கீழே வைக்காதது போலத்தான் அதற்குப் பிறகு எல்லா நாளும்.

அந்தச் செவிலி கண்டிப்பானவள், ஆனால் முகம் சுளிக்காதவள். சிறுநீரைப் பாதியில் நிறுத்துவது போல உள்ளே இறுக்குங்கள், பத்து எண்ணுங்கள், தளர்த்துங்கள், ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று சொல்லிக் கொடுத்தாள். எழுந்திருக்கும் முன், இருமும் முன், எதையாவது தூக்கும் முன் இறுக்கிக்கொள்ளச் சொன்னாள். தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னாள். அவர் முதல் வேலையாகத் தண்ணீரைக் குறைத்தார். கசிவை உறிஞ்ச உள்ளே வைக்கும் பேட் ஒரு நாளைக்கு எத்தனை மாற்றுகிறீர்கள் என்று அவள் கேட்டபோது இரண்டு என்றார். உண்மையில் ஏழு. ஏன் இரண்டு என்று சொன்னார் என்பது அவருக்கே தெரியவில்லை. இரண்டு என்பது நன்றாகத் தேறி வருகிற ஒருவனின் எண்ணாகத் தோன்றியது.

மூன்றாம் மாதம் மருத்துவர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, நோயின் சுவடே இல்லை, வேறு என்ன வேண்டும் என்று சிரித்தார். அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை என்றார். உயிரைக் கொடுத்தவரிடம் போய் பேண்ட் நனைகிறது என்று எப்படிப் புகார் செய்வது.

செவிலி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, இதே கட்டடத்தின் பின்பக்க அறை, உங்களைப் போன்ற நான்கைந்து பேர் உட்கார்ந்து பேசுவார்கள், போய்ப் பாருங்கள். ஒருநாள் போனார். அறைக்குக் கண்ணாடிக் கதவு. அதைப் பொருத்தியவன் கீழ்ப் பட்டையில் ஒரு பக்கம் பசை வைக்காமல் விட்டிருந்தான். கதவு லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளே வயதானவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவர் கதவின் கீழ்ப் பட்டையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவர் உள்ளிருந்து கையசைத்துக் கூப்பிட்டார். கதவைச் சரிபார்க்க வந்தவர் போலக் குனிந்து ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

பேட் வாங்க மூன்று பேருந்து நிறுத்தம் தள்ளிப் போவார். முதல் நாள் அந்த மருந்துக்கடைக்காரர் யாருக்கு என்று கேட்டபோது, அம்மாவுக்கு என்றார். அவர் அம்மா இறந்து பதினொரு வருடம் ஆகிறது. மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர். அடுத்த முறை, அம்மா இப்போது பரவாயில்லையா என்று விசாரித்தார். அதற்கடுத்த முறை, படுத்த படுக்கையாக இருந்தால் முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு களிம்பு காட்டினார். அவர் அதையும் வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டு அலமாரியில் அந்தக் களிம்பு பிரிக்கப்படாமல் இருந்தது.

வீட்டில் கூடத்துக் கட்டிலுக்கு மாறிவிட்டார். மெத்தைமேல் ஒரு நெகிழி விரிப்பு, அதன்மேல் பழைய போர்வை. புரண்டால் சரசரவென்று சத்தம் வரும். உனக்குத் தூக்கம் கெடும் என்று மனைவியிடம் காரணம் சொன்னார். இருபத்தொன்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்தவர்கள். உடம்பில் இன்னொன்றும் அடங்கிப் போயிருந்தது. அதைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை. அவள் காலையில் போர்வையை எடுத்து அலசிப் போடுவாள், எதுவும் கேட்க மாட்டாள். ஒரே ஒரு வாக்குறுதி மட்டும் அவர் வாங்கி வைத்திருந்தார். அவளுடைய தம்பிக்குத் தெரியக் கூடாது.

அதற்குக் காரணம் இருந்தது. மாமனாரின் கடைசி வருடத்தில் அவருக்கும் இப்படித்தான் ஆனது. ஒருநாள் அப்பாவின் படுக்கையை மாற்றிவிட்டு வேலைக்கு வந்த மைத்துனன், உடைந்த கண்ணாடிகளைப் போடும் பீப்பாயைக் காட்டி, "எனக்கு இந்த நிலைமை வந்தா என்னையும் அதுல தூக்கிப் போட்டுருங்க மாமா. யாரும் அழ வேணாம்" என்றான். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தப் பீப்பாய் இன்னும் அதே மூலையில்தான் இருக்கிறது.

மூன்று மாத ஓய்வு முடிந்து அவர் வேலைக்குத் திரும்பினார். அதுவரை மைத்துனன் கூலிக்கு வந்த ஆட்களோடு தூக்கிக்கொண்டு, இது தற்காலிகம்தான், மாமா வந்துவிடுவார் என்று முதலாளியம்மாவிடம் வாரா வாரம் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் வந்த அன்று பக்கத்துக் கடைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான்.

வெட்டும் மேசையில் நிற்கும்போது கவலையில்லை. முன்னால் தடித்த தோல் ஏப்ரன் இருக்கும். அடர்நீலப் பேண்ட் தவிர வேறு எதுவும் போடுவதில்லை. வாடைக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். கண்ணாடி ஒட்டும் சிலிக்கான் பசை காடி போல நெடி அடிக்கும். அதில் கொஞ்சம் சட்டைக் கையிலும் பேண்ட் பையோரத்திலும் தேய்த்துக்கொண்டால் வேறு எதுவும் தெரியாது. ஆண்கள் கழிவறையில் குப்பைத் தொட்டி கிடையாது. ஆண்களுக்கு அங்கே போடுவதற்கு ஒன்றும் இருக்காது என்று கட்டியவர்கள் நினைத்திருக்க வேண்டும். மாற்றிய பேட்களைச் செய்தித்தாளில் சுற்றி, சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். இடுப்பில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தார், மூடி தளர்வாக. குடிப்பதற்கல்ல. ஏதாவது ஆகிவிட்டால் கவிழ்த்துக்கொள்வதற்கு.

தூக்கும் நேரம்தான் கஷ்டம். 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணும்போது இரண்டில் இறுக்கிக்கொள்வார். சிறிய கண்ணாடிக்கு அது போதுமானதாக இருந்தது.

ஐந்தாவது மாதம் நடனப் பயிற்சி அறை வேலை வந்தது. ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. சுவர் நீளத்துக்கு நான்கு முகம் பார்க்கும் கண்ணாடிகள், ஒவ்வொன்றும் ஆள் உயரத்தைவிடப் பெரியது. மின்தூக்கியில் நுழையாது, படிதான். குறுகலான படிக்கட்டில் அவ்வளவு பெரிய கண்ணாடியைச் சுவரோரமாக நிறுத்தி, அதைப் பார்த்தபடி இருவரும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஏற வேண்டும். கண்ணாடியின் முதுகில் பாதுகாப்புத் தாள் ஒட்டியிருக்கும், அது சுவர்ப்பக்கம். முகம் உள்பக்கம், தூக்குகிறவர்களைப் பார்த்து. மேல்படியில் அவர், கீழ்ப்படியில் உயரமான மைத்துனன். ஏப்ரன் முட்டியில் தட்டும் என்பதால் அதைக் கழற்றிவிட வேண்டும்.

முகக்கண்ணாடி தூக்குவது மைத்துனனுக்குப் பிடித்த வேலை. கண்ணாடிக்குள் பார்த்தே பேசிக்கொண்டு வருவான். முகத்தைக் கோணலாக்கிக் காட்டுவான். அன்றும் கீழே தூக்கியவுடன், நாம் ரெண்டு பேரும் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி இருக்கிறது, கல்யாண போட்டோவில் கூட நீங்கள் இவ்வளவு விறைப்பாக நிற்கவில்லையே என்றான். படிகளை அவன்தான் சத்தமாக எண்ணுவான், மேலே போகிறவர் கால் பார்க்காமல் ஏறுவதற்கு.

முதல் மாடி தாண்டும் வரை ஒன்றுமில்லை. இரண்டாவது மாடிக்கான படிகளில் நான்காவதில் கால் வைத்தபோது எடை அவர் பக்கம் சாய்ந்தது. அவர் இறுக்கினார். இறுக்கியது நிற்கவில்லை. சூடாக இறங்குவது தெரிந்தது, பேட் ஏற்கெனவே கனத்திருந்தது. எதிரே, மிக அருகில், கண்ணாடிக்குள் தன் அடர்நீலப் பேண்டில் இன்னும் அடர்ந்த ஒரு நீலம் தொடையைத் தாண்டி முட்டிக்கு வருவதை அவர் பார்த்தார். பாட்டில் இடுப்பில் இருந்தது. இரண்டு கையும் கண்ணாடியில் இருந்தன. மைத்துனன் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்குள் அவனுடைய கண்கள் அவர் முகத்திலிருந்து மெல்லக் கீழே இறங்கத் தொடங்கின.

"விடு" என்றார்.

அவன் விட்டான். ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. கையை எடுத்துவிட்டுக் கைப்பிடிக் கம்பியில் முதுகை ஒட்டிக்கொண்டான். கண்ணாடி தன் விளிம்பில் படியை முட்டியது. கட்டடம் முழுக்கச் சத்தம் கேட்டது. தாள் ஒட்டியிருந்ததால் அது சிதறிப் போகவில்லை. நூறு துண்டாக உடைந்து, ஒன்றையொன்று விடாமல், சுவரில் சரிந்து நின்றது. சில்லுகள் மட்டும் படிகளில் உருண்டு போயின. அதற்குள் அவர் பாட்டிலைக் கவிழ்த்திருந்தார்.

மாடியிலிருந்து நடன ஆசிரியை இறங்கி வந்து, யாருக்கும் அடிபடவில்லையே என்று கேட்டாள். படியில் ஈரத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொட்டிவிட்டது, வழுக்கும் என்று தானே ஒரு துடைப்பான் எடுத்து வந்து துடைத்தாள். அவர் வேண்டாம் என்று கையை நீட்டினார். அவள் துடைப்பானை இரண்டு முறை கையாலேயே பிழிந்தாள்.

மைத்துனன் அவர் அருகில் வந்தான். முறைப்படி கேட்டான்.

"என்ன பார்த்தீங்க மாமா?"

அவர் உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். எல்லாத் துண்டிலும் அவன் முகம் இருந்தது.

"உன் பிடி நழுவுச்சு."

அவன் கையுறையைக் கழற்றி உள்ளங்கையைப் பார்த்தான். "எனக்குத் தெரியலையே."

"தெரிஞ்சிருந்தா நீயே சொல்லியிருப்ப."

அவன் தலையாட்டினான். தப்பித்தோம் மாமா என்றான்.

முதலாளியம்மாவிடம் அவனே போய்ச் சொன்னான்: என் கைதான், மாமா பார்த்திருக்காவிட்டால் இரண்டு பேரும் போயிருப்போம். முதலாளியம்மா திட்டவில்லை. நான்கு கண்ணாடியும் ஒரே வார்ப்பில் வந்தால்தான் சுவரில் நிறம் ஒத்துப்போகும், புதிதாக நான்கு வரவழைக்க மூன்று வாரம் ஆகும் என்று மட்டும் சொன்னார்.

அந்த மூன்று வாரமும் மைத்துனன் தன் கையோடு வாழ்ந்தான். ஒரு ரப்பர் பந்து வாங்கி, வேலை இல்லாத நேரமெல்லாம் அதைப் பிசைந்துகொண்டிருந்தான். டீ நேரத்தில் இருவரும் கடை வாசல் பெஞ்சில் உட்காருவார்கள். அவன் பந்தை அழுத்தி வாய்விட்டுப் பத்து எண்ணுவான். அவர் பக்கத்தில் டீயைப் பிடித்தபடி, முகத்தில் ஒன்றும் காட்டாமல், உள்ளே இறுக்கி மனதுக்குள் பத்து எண்ணுவார். சில நேரம் இருவருடைய எண்ணிக்கையும் ஒன்றாகவே முடியும். "பரவாயில்லை மாமா, நேத்தைக்கு இன்னிக்கு தேவலை" என்பான் அவன். அவருக்கு அப்படிச் சொல்லவும் முடியவில்லை.

பிறகு அவன் நரம்பு மருத்துவரிடம் போனான். கையில் ஊசி வைத்து மின்சாரம் செலுத்திப் பார்த்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. கை நன்றாக இருந்தும் நழுவியது என்றால், நழுவியது தனக்கே தெரியவில்லை என்றால், கோளாறு தலையில்தான் என்று முடிவு செய்தான். தலையை ஸ்கேன் எடுக்கத் தேதி வாங்கினான். அக்காவுக்குப் போன் செய்து, வீட்டில் யாரிடமும் சொல்லாதே, குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்று கேட்டுக்கொண்டான். கடைசியாக முதலாளியம்மாவிடம், நடன அறை வேலையோடு தூக்குவதை நிறுத்திக்கொள்கிறேன், படச்சட்டம் போடும் மேசைக்கு மாற்றிவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை மனைவி பின்கட்டில் போர்வையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் பல் துலக்க வந்தார். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"அன்னிக்கு நெஜமா அவன் கை நழுவுச்சா?"

அவர் வாயைக் கொப்பளித்தார். மறுபடியும் கொப்பளித்தார். பிறகு நடந்ததைச் சொன்னார். அவள் போர்வையின் இரண்டு மூலையையும் இழுத்து நேராக்கினாள்.

"அவன்கிட்ட சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது? மூத்திரம் போயிடுச்சு, நீ பார்த்துடக் கூடாதுன்னு கண்ணாடியை உடைச்சேன்னா?"

"ஆமா. அப்படித்தான்."

அவர் பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசினார்.

"அஞ்சு மாசமா அலசிப் போடுறேன். ஒரு நாள் மூஞ்சியைச் சுளிச்சிருக்கேனா? நீங்களா கூடத்துல போய்ப் படுத்துக்கிட்டீங்க, நான் போகச் சொன்னேனா? உங்களுக்கு மானம் போகுது, சரி. அவன் பாட்டுக்கு மூளையில கட்டின்னு முடிவு கட்டிட்டான். நேத்து போன்ல, அக்கா, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா பிள்ளைங்களைப் பார்த்துக்கோங்கிறான். நான் என்ன சொல்லட்டும்?"

"இன்னும் கொஞ்ச நாள். நின்னுடும்னு நர்ஸ் சொல்லியிருக்கு. நின்னதும் நானே சொல்லிடறேன்."

அவள் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவளுடைய கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "வாக்கு வாங்கிட்டீங்க" என்றாள். "இல்லேன்னா நானே சொல்லியிருப்பேன்."

ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. மைத்துனன் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து எல்லோருக்கும் காட்டினான், ஒட்டகத்துக்கு மூளை இருக்கிறது பாருங்கள் என்றான். மற்றவர்கள் சிரித்து முடித்ததும் படத்தை உறையில் போட்டுவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டான்.

புதுக் கண்ணாடிகள் வந்தன. காலையில் வேனில் ஏறும்போதே இன்று சொல்லிவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். முந்தின நாள் மதியத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. இரண்டு பேட் வைத்திருந்தார். தெருமுனை வரை போகட்டும் என்று நினைத்தார். பிறகு பாலம் வரை. பாலத்தில் மைத்துனன் முந்திக்கொண்டான்.

"மாமா, இன்னிக்கு என் கையைப் பார்த்துக்கிட்டே வாங்க. கொஞ்சம் நழுவினாலும் சொல்லிடுங்க. எனக்கு என்மேல நம்பிக்கை இல்லை, உங்க கண்ணு மேலதான் இருக்கு."

"சரி" என்றார். வேன் பாலத்தை விட்டு இறங்கியது.

கட்டடத்தின் கீழே ஏப்ரனைக் கழற்றினார்கள். இந்த முறை முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொள்ளலாமே என்று அவர் கேட்டுப் பார்த்தார். மைத்துனன் அவரை வினோதமாகப் பார்த்தான். முகம் சுவரில் உரசாதா, பதினாறு வருடமாகத் தூக்குகிறவர் கேட்கிற கேள்வியா இது என்றான். பாட்டிலையும் அவன் பார்த்துவிட்டான். போன தடவை இதுதான் கொட்டி வழுக்கப் பார்த்தது என்று அவர் இடுப்பிலிருந்து கழற்றி வேனுக்குள் போட்டான்.

"ஒண்ணு, ரெண்டு" என்றான். அவர் இறுக்கினார். "தூக்கு."

கண்ணாடிக்குள் இருவரும் எழுந்தார்கள். இந்த முறை மைத்துனன் முகத்தைக் கோணலாக்கவில்லை, போட்டோ பற்றிப் பேசவில்லை. கண்ணாடிக்குள் தன் இரண்டு கைகளையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டு படிகளை எண்ணினான். அவன் நெற்றியில் வியர்வை. முதல் மாடி வந்தது. திருப்பத்தில் அங்குலம் அங்குலமாகத் திரும்பினார்கள். இரண்டாவது மாடிக்கான படிகள் தொடங்கின. மூன்று, நான்கு, ஐந்து.

ஆறாவது படியில் அது தொடங்கியது. தண்ணீர் குடிக்காதது ஒன்றையும் நிறுத்தவில்லை. வந்தது எரிந்துகொண்டு வந்தது. அவர் இறுக்கினார், தொடைகளைச் சேர்த்துக்கொண்டார். படியேறுகிறவனால் தொடைகளைச் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. நீலம் இன்னொரு நீலமாவதைப் பார்த்தார். வாய் தானாகத் திறந்தது. ஒரு சொல் போதும். கீழே நிற்கிறவன் இந்தக் கணமே விட்டுவிடுவான். பிறகு தன் கையை எடுத்துப் பார்ப்பான், அதற்குப் பிறகு அந்தக் கையை வாழ்நாள் முழுக்க நம்ப மாட்டான்.

அவர் வாயை மூடிக்கொண்டார். அது தைரியம் இல்லை. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அசையாமல் நின்றுவிட்டதுதான். கால்கள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தன.

"ஏழு" என்றான் மைத்துனன். "எட்டு."

ஒன்பது வரவில்லை. அவன் கண்கள் தன் கைகளை விட்டு நகர்ந்திருந்தன. கண்ணாடிக்குள் அவருடைய முட்டியைப் பார்த்தான், காலணியைப் பார்த்தான், படியில் விழுந்துகொண்டிருந்ததைப் பார்த்தான். பாட்டில் வேனில் இருந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு இருக்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. இரண்டு படிகள் எண்ணப்படாமல் போயின. இன்னும் எட்டுப் படி இருந்தது. அவர் நனைந்துகொண்டே ஏறினார், அவன் பார்த்துக்கொண்டே ஏறினான்.

"பதினொண்ணு" என்றான் பிறகு, வேறு குரலில்.

அறையில் மரக்கட்டைகளின்மேல் கண்ணாடியை இறக்கிச் சாய்த்தார்கள். நடன ஆசிரியை இன்னும் வந்திருக்கவில்லை. அவர் சுவரோரமாகத் திரும்பி நின்றார். மைத்துனன் கையுறையைக் கழற்றி, வலது கையை விரித்தான், மூடினான், விரித்தான்.

"அன்னிக்கும் இதுதானா?"

"ம்."

"என் கை?"

"நழுவலை."

மைத்துனன் விரித்த கையைக் கீழே இறக்கினான்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

அவர் குனிந்து நனைந்த காலணியைப் பார்த்தார். "அவ மேல தப்பில்லை. நான்தான் வாக்கு வாங்கினேன்" என்றார். அதை அவன் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

"ஸ்கேன் எடுக்கறப்ப ஒரு குழாய்க்குள்ள படுக்க வைக்கிறாங்க மாமா. அசையக் கூடாதுங்கறாங்க. அரை மணி நேரம். நான் என் பிள்ளைங்களைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்." அவன் பையிலிருந்து ரப்பர் பந்தை எடுத்தான், என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல் விளிம்பில் வைத்தான். அது உருண்டு தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"உங்க அப்பாவுக்கு ஆனப்ப நீ என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்?"

அவனுக்கு நினைவில்லை. உண்மையாகவே நினைவில்லை என்று அவன் முகத்தில் தெரிந்தது. பீப்பாயைப் பற்றிச் சொல்ல அவர் தொடங்கினார், பாதியில் நிறுத்திவிட்டார். இவ்வளவு நாள் அதைச் சுமந்தது அவர் ஒருவர்தான்.

மைத்துனன் கதவு வரை போய் நின்றான்.

"இனிமே நீங்க விடுன்னு சொன்னா, நான் விடுவேனான்னு எனக்குத் தெரியலை மாமா." அவன் மிரட்டவில்லை. தன் உடம்பில் புதிதாகக் கண்டுபிடித்த ஒரு கோளாறைச் சொல்வது போலச் சொன்னான். பிறகு, "வேன்ல என் பேண்ட் ஒண்ணு இருக்கு. நீளமா இருக்கும், மடிச்சு விட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு அதை எடுத்துவர இறங்கிப் போனான். போகும்போது படிகளைத் துடைத்துக்கொண்டே போகிற சத்தம் கேட்டது.

கீழே இன்னும் மூன்று கண்ணாடிகள் இருந்தன. வேறு ஆளுக்குச் சொல்லி அனுப்ப நேரமில்லை, பிற்பகலில் வகுப்பு. நடன அறையின் சிறிய கழிவறையில் அவர் பேண்ட்டை மாற்றினார். காலை இரண்டு மடிப்பு மடித்தும் குதிகாலில் இடித்தது. நனைந்ததைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு, போடுவதற்கு இடம் தேடி, கடைசியில் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

இரண்டாவது கண்ணாடியைச் சுவரோரம் நிறுத்தினார்கள். முதுகு சுவர்ப்பக்கம், முகம் உள்பக்கம். அவர் பிடியைச் சரிசெய்துகொண்டு, ஒட்டகத்தின் நீளப் பேண்டில் நின்றிருந்த தன்னைப் பார்த்தார்.

"ஒண்ணு" என்றார். "ரெண்டு."

இறுக்கிக்கொண்டார். கண்ணாடிக்குள் மைத்துனன் தன் கைகளைப் பார்க்கவில்லை, அவருடைய கைகளையும் பார்க்கவில்லை. கண்ணிமைக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.